தையல் போட்ட கால் மூன்றாம் நாள் ஏன் வீங்குகிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது கத்தி நழுவி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வெட்டிவிட்டது. வீட்டில் காப்பித்தூளை அப்பித் துணி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கழுவி, ஆறு தையல் போட்டு, தடுப்பூசியும் போட்டு அனுப்பினார்கள். இன்று மூன்றாம் நாள். கால் வீங்கியிருக்கிறது, சுடுகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா, கடையில் வீக்க மாத்திரை வாங்கித் தரலாமா என்பது கேள்வி. முட்டையும் மீனும் ஆகாது என்கிறார் பாட்டி. கட்டைப் பிரித்துக் காற்றாட விடச் சொல்கிறார் மாமா. அப்பாவுக்குச் சர்க்கரை வேறு.

நான் சேலத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டுப்போடும் அறையில் நின்றவள். பிறகு நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுத்தேன். மருத்துவர் அல்ல, ஆனால் புண்களைப் பார்த்த கணக்கில் பல மருத்துவர்களுக்கு மூத்தவள்.

தம்பி, படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பால்பாயின்ட் பேனா ஒன்றை எடுத்து, சிவப்போ கருமையோ மினுமினுப்போ தோலில் எங்கே முடிகிறதோ அந்த எல்லையைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவையுங்கள். வீக்கம் எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், கோடு தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் இன்றே ஒரு முறை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் மொழியில் இதற்குப் பெயர் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் இதற்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அந்த உறுப்பால் வேலை செய்ய முடியாமல் போவது என்ற ஐந்தாவது பின்னால் சேர்ந்தது. இரண்டாயிரம் வருடமாக மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. வெயிலில் நின்று வேலை செய்த நம் ஊர்க் காலில் சிவப்பு அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் வெறும் கருப்பாகவே தெரியும். தோல் இழுத்துக்கட்டிய பறைபோல மினுங்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் புறங்கையைக் காயத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உடனே மற்றக் காலில் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டு வித்தியாசம் பொய் சொல்லாது.

கத்தி பட்ட நொடியில் அறுந்த ரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. ரத்தத் தட்டுகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கின்றன. அதன் மேல் ஃபைப்ரின் என்ற புரத நூல் வலை பின்னுகிறது. சில நிமிட வேலை. காப்பித்தூளுக்கு இதில் பங்கு உண்டா என்று தோட்டத்து ஆட்கள் எப்போதும் கேட்பார்கள். ரத்தம் நின்றது தூளை வைத்து அழுத்திய கையால்தான். வெறும் சுத்தமான துணியை வைத்து அதே பத்து நிமிடம் அழுத்தியிருந்தாலும் நின்றிருக்கும், எங்களுக்கும் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். தூளைப் பொடிப்பொடியாகக் காயத்துக்குள்ளிருந்து கழுவி எடுப்பது எவ்வளவு பாடு என்று அப்பாவைக் கேட்டால் சொல்வார், அலறியவர் அவர்தானே. இதைப் பாட்டி வைத்தியம் என்கிறார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டது 1820களில். ஆகவே அந்த வைத்தியத்துக்கு இந்த மலையில் சுமார் இருநூறு வருடத்துக்கு மேல் வயதிருக்க முடியாது.

ரத்தம் நின்ற பிறகு கதை தலைகீழாகிறது. சுருங்கிய குழாய்கள் இப்போது விரிகின்றன. இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஸ்கேலின் மழுங்கிய விளிம்பால் முன்கையின் உட்பக்கத்தில் ஓர் இழுப்பு, தோல் கிழியாமல், சற்று அழுத்தமாக. சில நொடிகளில் அந்தக் கோடு சிவக்கும். பிறகு அதைச் சுற்றி மங்கலான சிவப்பு பரவும். தோல் மென்மையான சிலருக்குக் கோடு அப்படியே தடித்து எழும்பும். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1927இல் இந்த மூன்று படிகளையும் விவரமாக எழுதினார். தோலுக்கடியில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின்தான் இதில் முக்கியக் காரணம். அதன் வேலை நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களைச் சற்று விலகச் செய்வது. அந்த இடைவெளியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிகிறது. வெறும் நீர் அல்ல, கிருமியோடு பிணையும் புரதங்களும் வலை பின்னும் புரதமும் சேர்ந்தே வெளியே வருகின்றன. அந்தக் கசிவுதான் வீக்கம். சூடும் சிவப்பும் விரிந்த குழாயில் கூடுதலாக ஓடும் ரத்தத்தால் வருபவை.

கால் முன்னெலும்பின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் இடமே இல்லை. வயிற்றில் இதே அளவு நீர் கசிந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே தோல் இழுபடுகிறது, நரம்பு நுனிகள் நசுங்குகின்றன, நாடி துடிக்கும்போதெல்லாம் தெறிக்கிறது. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். இரண்டு தலையணை வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே குதிகால் இருக்கும்படி படுக்க வையுங்கள். திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு வருகிறவர் போகிறவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தால் வீக்கம் வடியாது.

அடுத்து வருகிறவை நியூட்ரோபில்கள், வெள்ளையணுக்களில் ஒரு வகை. ஆரோக்கியமான உடலின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் இவை காயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்க வேண்டும். எப்படி நிற்கும்? அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைத்து ஊர்ந்து திரும்புவார். காயத்துக்குப் பக்கத்துக் குழாய்ச் சுவர் ஒட்டும் மூலக்கூறுகளை நீட்டிக்கொண்டிருக்கும். நியூட்ரோபில் அதில் உரசி, வேகம் குறைந்து, சுவரோரமாக உருண்டு, ஓரிடத்தில் இறுக ஒட்டி நின்று, இரண்டு செல்களுக்கு நடுவே உடலை நெருக்கி வெளியே நழுவிவிடும். காயம் பட்ட சில மணி நேரத்தில் இது தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும்.

வெளியே வந்தவை கிருமிகளை விழுங்குகின்றன, விஷம் கொட்டிக் கொல்கின்றன, தாமும் செத்துப்போகின்றன. செத்த நியூட்ரோபில்கள், செத்த கிருமி, கரைந்த திசு எல்லாம் கலந்த குழம்புதான் சீழ். பழைய சீழில் தெரியும் பச்சை நிறம் பெரும்பாலும் நியூட்ரோபில்லுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். ஆனால் கட்டில் ஈரம் தெரிந்தாலே சீழ் என்று நினைக்காதீர்கள். வைக்கோல் நிறத்தில், தெளிவாக, நாற்றமில்லாமல் ஒட்டியிருந்தால் அது மேலே சொன்ன கசிவு நீர். கெட்டியாக, கலங்கலாக, வாடையோடு வந்தால்தான் சீழ்.

இந்தக் கூட்டம் நல்லதற்காக வருகிறது என்று உலகம் ஒத்துக்கொள்ளவே நெடுங்காலம் ஆனது. ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவரின் புத்தகம் 1794இல், அவர் இறந்த மறு வருடம் வந்தது. குண்டடிக் காயங்களைப் பார்த்துப் பழகிய அவர், அழற்சி தானே ஒரு நோய் அல்ல, உடலின் பதில் என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பதிலைக் கண்ணால் பார்த்தவர் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர். 1882இல் சிசிலித் தீவில், கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் தோலுக்கடியில் முள்ளைக் குத்திவிட்டு, என்ன ஆகுமோ என்ற ஆவலில் இரவு தூங்காமல் கிடந்தார். குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் மரமாகச் சிறு ஆரஞ்சுச் செடியை அலங்கரித்திருந்த வீட்டுத் தோட்டத்தில் எடுத்த ரோஜா முட்கள் அவை. காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளைச் சுற்றி ஊர்ந்துவந்த செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஏற்காட்டில் ஆரஞ்சு பறித்து விரலில் முள் வாங்கிய எல்லோருமே அந்தச் சோதனையைச் செய்தவர்கள்தான், தோல் கண்ணாடியாக இல்லாததால் பார்க்கவில்லை.

நெறி கட்டுவதற்கு வருவோம். கசிந்த நீரில் ஒரு பகுதி ரத்தத்துக்குத் திரும்பாமல் நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறுகிறது. காலின் நிணநீர் தொடை இடுக்கு முடிச்சுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே கிருமித் துணுக்குகளைச் சோதிக்கும் வெள்ளையணுக்கள் பெருகுவதால் முடிச்சு வீங்கி, தொட்டால் வலிக்கிறது. மொச்சைக்கொட்டை அளவில், அழுத்தினால் நகர்கிறதாக இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் காயத்திலிருந்து தொடைவரை சிவந்த கோடு ஒன்று ஓடினால் அடுத்த பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் நாளை நான் எப்போதும் தனியாகச் சொல்லிக்கொடுப்பேன், ஏனென்றால் புண்ணின் தலையெழுத்து அன்றுதான் எழுதப்படுகிறது. நியூட்ரோபில்கள் குறையத் தொடங்கும்போது மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கிகள் வந்து சேர்கின்றன. இவை கிருமியோடு சேர்த்துச் செத்த நியூட்ரோபில்களையும் தின்கின்றன. அப்படித் தின்பதாலேயே இவற்றின் குணம் மாறுகிறது. அதுவரை ‘இன்னும் ஆள் அனுப்பு’ என்று கத்திய அதே செல், இப்போது ‘போதும், கட்டத் தொடங்கு’ என்ற சைகைகளை வெளியிடுகிறது. தீ தானாக அணைவதில்லை, அணைக்க ஆள் வேண்டும். புதுக் குழாய்கள் முளைப்பதும், கொலாஜன் நெய்யும் செல்கள் வந்து குடியேறுவதும் இந்தச் சைகையால்தான்.

சர்க்கரை நோய் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் நியூட்ரோபில்கள் மந்தமாகின்றன, நுண்குழாய்கள் கெட்டிருப்பதால் வரத்தும் குறைவு, மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறாமல் கத்திக்கொண்டே இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் ஒருவர் வந்தார். காலில் தீப்பொறி விழுந்தது அவருக்கே தெரியவில்லை, நரம்பு மரத்திருந்தது. பதினொரு மாதமாக அந்தப் புண் மூன்றாம் நாளிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓரம் தடித்து வெளுத்து, அடி சொதசொதவென்று, மேலுமில்லை கீழுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, செத்த சதையைச் சீவி எடுத்து, அந்தக் காலில் பாரம் படாமல் பார்த்த பிறகுதான் நகர்ந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு வலியும் காய்ச்சலும்கூட ஒழுங்காக வராது. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்றே காட்டுங்கள் என்று நான் சொன்னது இதற்காக.

மாத்திரை விஷயம். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வலியைக் குறைப்பது எப்படி என்று ஜான் வேன் 1971இல் கண்டுபிடித்தார்: உடல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிப்பதை அவை தடுக்கின்றன. நரம்பு நுனியைக் கூர்மையாக்குவதும், குழாயை விரிப்பதும், காய்ச்சல் வரவைப்பதும் அதே பொருள்தான். தையல் போட்ட மருத்துவரே இரண்டு மூன்று நாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். கடையில் ‘வீக்கத்துக்கு’ என்று கேட்டு வாங்குவது வேறு. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. வலி மாத்திரையோடு ஸ்டீராய்டையும் சேர்த்து மடித்துக் கொடுத்த பொட்டலங்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கிவிடும். வீக்கம் வடிந்து எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்போது உள்ளே கிருமி தடையில்லாமல் பெருகும், சர்க்கரையும் எகிறும். வலி மாத்திரை மட்டுமே என்றாலும், நாள்பட்ட சர்க்கரையில் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருந்தால் அதற்கும் கேடு.

மஞ்சள் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. இது எங்கள் பாட்டிகளுக்கே தெரிந்தது என்று இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்து, 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது உண்மை. அதற்காக, மூட்டையில் கிடந்து அரைபட்டு வந்த பொடியைத் தையலில் தூவாதீர்கள். அது குழம்புக்குச் சுத்தம், தையல் போட்ட காயத்துக்குச் சுத்தமில்லை.

மாமாவுக்கு என் பதில்: காற்றாட விட வேண்டாம். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரிக் காயங்களைப் போட்டு, சிலவற்றைக் காயவிட்டு, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடியவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடின. ஓரத்துத் தோல் செல்கள் ஊர்ந்துதான் நடுவே வர வேண்டும், ஊர ஈரம் வேண்டும். காயவிட்டால் மேலே பொருக்குத் தட்டும், செல்கள் அதற்கடியில் வழி தோண்டிக்கொண்டு போகும். அதற்காகச் சொதசொதவென்று ஊறிய கட்டையும் வைத்திருக்கக் கூடாது. நனைந்தால் மாற்றுங்கள்.

பாட்டிக்கு என் பதில் சற்று நீளம், அவர் மரியாதைக்குரியவர். முட்டையையும் மீனையும் புண்ணைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கும் வழக்கம் எனக்கும் தெரியும், என் வீட்டிலும் இருந்தது. ஆனால் காயத்தை இணைக்கும் நார் கொலாஜன், அது புரதம். புரதத்தைப் புரதத்திலிருந்துதான் செய்ய முடியும். ஒவ்வாமை இல்லாதவருக்கு முட்டையால் சீழ் வைக்காது. ரசம் சோறும் பத்தியமுமாகப் பத்து நாள் போட்டால் நெய்ய நூலே இருக்காது. கூடவே வைட்டமின் சி வேண்டும். கொலாஜனின் மூன்று இழைகள் முறுக்கி உறுதியாக நிற்பதற்கு அது இல்லாமல் முடியாது. 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி உலகைச் சுற்றியபோது, காய்கறியும் பழமும் இல்லாமல் அவர் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைநோய் வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஒரு கிழ மாலுமிக்கு மறுபடி வாய் திறந்தது என்று அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. தழும்பு முடிந்துபோன வேலை என்று நாம் நினைக்கிறோம். உள்ளே பழைய நார் கரைந்து புது நார் விழுந்துகொண்டே இருக்கிறது, நெசவு நின்றால் தழும்பு பிரிந்துவிடும். நெல்லிக்காய், கொய்யா, உங்கள் மலை ஆரஞ்சு எது கிடைத்தாலும் சரி. சர்க்கரைக்காரர் என்பதால் சாறு பிழியாமல் அப்படியே தின்னட்டும்.

தையல் போடாமல் திறந்து ஆறும் புண் என்றால் அடியிலிருந்து சதை முளைத்து வருவதைப் பார்க்கலாம், மாதுளை முத்துக்களை நெருக்கிப் பதித்ததுபோல. தொட்டால் ரத்தம் வரும், வீட்டார் பயந்துவிடுவார்கள். அது புதுக் குழாய்கள் நிறைந்த நல்ல சதை. உங்கள் அப்பாவின் காயம் இரு விளிம்பும் சேர்ந்திருப்பதால் இந்தக் காட்சி தேவைப்படாது.

இனி அவர் கேட்கப்போகும் கேள்வி, எப்போது மலையேறலாம் என்பது. முகத்தில் போட்ட தையலை ஐந்தாம் நாளே பிரித்துவிடுவார்கள். முழங்காலுக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவு, பத்திலிருந்து பதினான்கு நாள் வைத்திருப்பார்கள், சர்க்கரைக்காரருக்குச் சில சமயம் இன்னும் கூடுதலாக. ஒரு வாரத்தில் காயத்தின் இழுவிசை பழைய தோலில் சுமார் 3 சதவீதம்தான், மூன்று வாரத்தில் 20 முதல் 30, மூன்று மாதத்தில் 70 முதல் 80, அதோடு சரி. முழுத் தோலின் பலம் திரும்ப வராது. தையல் பிரித்த மறுநாளே சரிவில் இறங்கி, காலை ஊன்றி, கத்தியை ஓங்கினால் வாய் பிளப்பது அதனால்தான். குறைந்தது மூன்று வாரம் சமதளத்து வேலை மட்டும் என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பிறகும் அந்த இடத்தில் ஒரு தடித்த பட்டை கட்டிக்கொண்டு போகட்டும்.

நடுவில் அரிக்கும். ஆறுகிற புண் அரிக்கும் என்பதில் பாட்டி சொல்வது சரி, நானும் வழிமொழிகிறேன். தோல் முழுதாக மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவலாம். அதற்கு முன் இரவில் சொறியாமல் இருக்க, அவர் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பேனாக் கோட்டை மறக்க வேண்டாம். மாலையில் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்கிறதா, வெளியே வந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.